பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். மஸ்கட்டிலிருந்து நீ கொடுத்துவிட்ட பேரீச்சம்பழம் வந்து சேர்ந்தது. நல்ல பழம்தான், ஆனால் அப்பாவுக்குக் கொடுக்கப் போவதில்லை. போனில் சொன்னால் பாதியைக் கேட்டுவிட்டு "சரிம்மா, சரிம்மா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஹீமோகுளோபின் 9.2. ஆண்களுக்கு 13-க்குக் கீழே போனாலே இரத்தசோகைதான். கேள்விப்பட்டதும் நீ பேரீச்சம்பழம் என்றாய், அத்தை பீட்ரூட் என்கிறாள், பக்கத்து வீட்டில் முருங்கைக்கீரையை ஆய்ந்தே கொண்டுவந்து தருகிறார்கள். பீட்ரூட் சிவப்பாக இருக்கிறதே தவிர அதில் இரும்பு அதிகம் கிடையாது. அது இருக்கட்டும், அப்பாவின் சிக்கல் சாப்பாட்டிலேயே இல்லை.

சிறுநீரக டாக்டர் பொறுமையாக விளக்கினார். எலும்பு மஜ்ஜையில் இரத்தம் ஊற எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோன் வேண்டும். அது பெரும்பாலும் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறதாம். இத்தனை வருஷச் சர்க்கரையில் அப்பாவின் சிறுநீரகம் தேய்ந்து போனதால் அந்தச் சுரப்பும் குறைந்துவிட்டது. அப்புறம், நாள்பட்ட நோய் உடம்பில் இருந்தால் கல்லீரல் ஹெப்சிடின் என்ற ஒன்றைக் கூடுதலாகச் சுரக்குமாம். அது குடலில் இரும்பைச் சேரவிடாது, ஏற்கெனவே சேர்ந்திருப்பதையும் வெளியே விடாது. பத்தாயம் நிறைய நெல் இருந்தும் சாவி இல்லாத வீட்டுக் கதைதான். அப்பாவின் ரிப்போர்ட்டிலும் ஃபெரிட்டின், அதாவது இருப்பில் உள்ள இரும்பு, குறையவில்லை. இரத்தத்தில் ஓடும் இரும்புதான் குறைவு. மூட்டுவாதக்காரர்களுக்கும் இப்படி ஆகுமாம்.

சிறுநீரகம்தான் காரணம் என்று எடுத்த எடுப்பில் அவர் முடிவு கட்டவில்லை. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரையை ரொம்ப நாள் சாப்பிட்டால் வைட்டமின் பி12 குறையலாம் என்று அதைப் பார்த்தார். வயதான ஆணுக்கு இரத்தம் குறைந்தால் குடலில் எங்காவது கசிகிறதா என்று பார்த்தே ஆகவேண்டும் என்று மலப் பரிசோதனையும் செய்யச் சொன்னார். இரண்டிலும் கோளாறு இல்லை. அப்பாதான் அந்தச் சின்ன டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரி வராந்தாவில் நெளிந்தார், பாவம்.

இனி இரும்பை டிரிப்ஸில் ஏற்றுவார்கள். தேவைப்பட்டால் எரித்ரோபாய்ட்டின் ஊசியும் போடுவார்கள், அப்போது பிரஷரைக் கவனமாகப் பார்க்கவேண்டும். "14 வரை ஏற்றிவிடச் சொல்லு" என்றாயே, அது கூடாதாம். ஊசி போட்டு அவ்வளவு ஏற்றினால் பக்கவாதம் வரும் ஆபத்து கூடுகிறது. பத்து, பதினொன்று போதும் என்கிறார். பேரீச்சம்பழத்தில் சர்க்கரையும் அதிகம், பொட்டாசியமும் அதிகம். அப்பாவுக்கு இரண்டுமே ஆகாது.

உன் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். மருமகள் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, முடி கொட்டுகிறது என்று என்னிடம் சொன்னாள். மாதவிலக்கில் போக்கும் அதிகமாம், உன்னிடம் சொன்னாளோ என்னவோ. சாப்பாட்டைப் பார்க்கவேண்டியது அவளுக்குத்தான். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. அவளுக்கு ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் சேர்த்துப் பார்க்கச் சொல். சாப்பிட்ட கையோடு டீ குடிக்கும் பழக்கத்தை நிறுத்தட்டும், டீ இரும்பைச் சேரவிடாது. கீரையோ பயறோ சாப்பிடும்போது இரும்பு நன்றாகச் சேர அதோடு எலுமிச்சை, நெல்லிக்காய் என்று ஏதாவது இருக்கட்டும். டாக்டர் மாத்திரை எழுதினால் மலம் கறுப்பாகப் போகும், பயந்து பாதியில் விட்டுவிடக் கூடாது. ஹீமோகுளோபின் ஏறிய பிறகும் சில மாதம் சாப்பிட்டால்தான் இருப்பு நிறையும். போக்கு ஏன் அதிகம் என்று லேடி டாக்டரிடம் காட்டாமல் வெறும் மாத்திரையை விழுங்கிக்கொண்டிருப்பதிலும் பயனில்லை. நீயும் கூடப் போய்விட்டு வா.

ரிப்போர்ட் வந்ததும் வாட்ஸ்அப்பில் அனுப்பு. பழத்தைத் தெருப்பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அம்மா