உறையின் வடிவமும் தபாலின் செலவும்: நண்பனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். உங்கள் ஊர் தமிழ்ச் சங்கத்துக்கு நீ செயலாளர் ஆகியிருப்பதும் நல்ல செய்திதான். பொங்கல் விழா அழைப்பிதழையும் ஆண்டு மலரையும் அமெரிக்கத் தபாலில் அனுப்ப வேண்டும், ஒரே எடையுள்ள இரண்டு உறைகளுக்கு ஏன் இரண்டு விலை என்று கேட்டிருந்தாய். உங்கள் குழுவில் ஒருவர், தோன்றிய விலையை வைத்துவிட்டார்கள் என்றாராம். அவரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டு. ஒரு உறையைக் கையாள எவ்வளவு செலவாகிறது என்று அளப்பதற்கு அங்கே செய்திருக்கும் வேலை மிகப் பெரிது. குறைகள் உண்டு, ஆனால் மதிக்க வேண்டிய வேலை.

முதலில் ஒரு பழைய கணக்கு. 2007 மே 14க்கு முன்புவரை அங்கே முதல் வகுப்புத் தபாலுக்கு எடையே முக்கிய அளவு. முதல் அவுன்ஸுக்கு 39 சென்ட், அடுத்த ஒவ்வோர் அவுன்ஸுக்கும் 24 சென்ட். 3 அவுன்ஸ் காகிதத்தை மூன்றாக மடித்து நீள உறையில் போட்டாலும், மடிக்காமல் பெரிய பழுப்பு உறையில் போட்டாலும் 87 சென்ட்தான். அந்தத் தேதியிலிருந்து வடிவத்துக்கென்று விலை வந்தது. முதல் அவுன்ஸ், கடிதமாக இருந்தால் 41 சென்ட். ஃபிளாட் என்று அவர்கள் சொல்லும் பெரிய தட்டை உறையாக இருந்தால் 80 சென்ட். பார்சலாக இருந்தால் 1 டாலர் 13 சென்ட். கூடுதல் அவுன்ஸின் விலையோ 24 சென்ட்டிலிருந்து 17 சென்ட்டாக இறங்கியது. அதே 3 அவுன்ஸ் காகிதம், மடித்தால் 75 சென்ட், மடிக்காவிட்டால் 1 டாலர் 14 சென்ட். இன்னொன்றையும் பார். 8 அவுன்ஸ் ஃபிளாட்டுக்கு முன்பு 2 டாலர் 7 சென்ட், பிறகு 1 டாலர் 99 சென்ட். அதாவது எடையின் தலையில் அதுவரை தேவைக்கு மேல் ஏற்றி வைத்திருந்ததை இறக்கி, வடிவத்தின் மேல் வைத்தார்கள். ஆண்டுக்கணக்கில் சேர்த்த செலவுக் கணக்குதான் அதற்கு ஆதாரம்.

வடிவம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதை, தபாலை ஊர்வாரியாகப் பிரிக்கும் சார்ட்டிங் கூடத்தில் நின்று பார்த்தால் உடனே புரியும். கடிதங்களைப் பிரிக்கும் பார்கோடு இயந்திரம் மணிக்கு 30,000க்கு மேல் பிரித்துத் தள்ளும். ஆட்கள் செய்வது, ஒரு முனையில் அடுக்கை வைப்பதும் மறுமுனையில் நிரம்பிய தட்டை எடுப்பதும். ஃபிளாட் இயந்திரத்தின் வேகம் அதில் ஏறக்குறைய பாதி, அதுவும் நன்றாக ஓடும் நாளில். பத்திரிகையின் அட்டை வழுக்கும், பிளாஸ்டிக் உறை ஒட்டிக்கொள்ளும், இரண்டு ஒன்றாகப் போய்விடும். பார்சல் என்றால் ஒவ்வொன்றையும் முகவரி தெரியும்படி திருப்பி வைக்க வேண்டும்.

கூடத்தைத் தாண்டித் தபால்காரரிடம் வந்தால் வித்தியாசம் இன்னும் கூடுகிறது. கடிதங்களை இயந்திரமே வீட்டு வரிசைப்படி அடுக்கிக் கொடுத்துவிடுகிறது. தபால்காரர் அந்தத் தட்டை அப்படியே வண்டியில் ஏற்றலாம். ஃபிளாட்டைப் பெரும்பாலும் அவரே, வீட்டுக்கொரு தடுப்புள்ள தன் சார்ட்டிங் கேஸில் ஒவ்வொன்றாகச் செருக வேண்டும். அங்கே இதற்கு எழுதி வைத்த வேக அளவே உண்டு: நிமிடத்துக்குக் கடிதம் 18, ஃபிளாட் 8. ஒரு கடிதத்துக்கு மூன்று நொடி சொச்சம், ஒரு ஃபிளாட்டுக்கு ஏழரை நொடி. ஒன்று 1 அவுன்ஸ், இன்னொன்று 3 அவுன்ஸ் என்பதால் இந்த ஏழரை நொடி மாறுவதில்லை.

சரி, இதை எப்படி அளக்கிறார்கள்? இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. லட்சக்கணக்கான ஊழியர்கள் நாள் முழுவதும் கடிதம், ஃபிளாட், பார்சல் என்று கலந்து கையாளுகிறார்கள். எந்த நிமிடம் எதற்குப் போனது என்று அவர்கள் எழுதிக்கொண்டிருந்தால் வேலை நடக்காது. அதனால் கணப் பொழுதுகளை மாதிரியாக எடுக்கிறார்கள். ஐ.ஓ.சி.எஸ். என்று அதற்குப் பெயர், அலுவலகத்துக்குள் ஆகும் உழைப்புச் செலவை அளக்கும் முறை. எந்த ஊழியர், எந்த நாள், எந்த நேரம் என்று குலுக்கல் முறையில் முன்பே தேர்வாகிவிடும். அந்த நேரத்தில் தகவல் எடுப்பவர் நேரில் போவார், அல்லது தொலைபேசியில் மேற்பார்வையாளரைக் கேட்பார். இந்த நொடியில் இவர் என்ன செய்கிறார்? எந்த இயந்திரத்தில்? கையில் தபால் இருக்கிறதா? இருந்தால் தனி உருப்படியா, தட்டா, பையா, சக்கரக் கூண்டா? உருப்படி என்றால் கடிதமா, ஃபிளாட்டா, பார்சலா? எந்த வகுப்பு, என்ன ஸ்டாம்ப், என்ன எடை?

கையில் ஒரு கட்டு இருந்தால் என்ன செய்வது என்பதற்கும் விதி உண்டு. மேலே இருக்கும் உருப்படியைத்தான் எழுத வேண்டும். இது அற்பமாகத் தெரியலாம். ஆனால் இந்த விதி இல்லாவிட்டால், தகவல் எடுப்பவரின் கண் கட்டிலேயே பெரிதாக, பளபளப்பாக இருப்பதன் மேல் போகும். கேட்டலாக்குகளின் செலவு காகிதத்தில் தானாக ஏறிவிடும்.

இப்படிக் கிடைக்கும் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு டாலர் மதிப்பு உண்டு. அந்தப் பிரிவின் சம்பளச் செலவு முழுவதையும் பதிவுகளுக்குப் பங்கிட்டால் வருவது அது. சம்பளச் செலவு எந்தப் பிரிவில் எவ்வளவு என்பது இன்னொரு கணக்கிலிருந்து வருகிறது. ஊழியர்கள் ஒவ்வொரு வேலைக்கும் மூன்று இலக்க எண் ஒன்றைப் போட்டுக் கடிகாரத்தில் பதிகிறார்கள். மாட்ஸ் என்பது அந்த முறை. கடித இயந்திரம், ஃபிளாட் இயந்திரம், கையால் பிரித்தல், லாரி மேடை என்று ஒவ்வொன்றும் ஒரு தனிச் செலவுக் குவியல். குவியலின் அளவைக் கடிகாரம் சொல்கிறது, அதை யார் யாருக்குப் பங்கு போடுவது என்பதை ஐ.ஓ.சி.எஸ். பதிவுகள் சொல்கின்றன. எத்தனை உருப்படிகள் வந்தன என்பதை எண்ண வேறொரு மாதிரியெடுப்பு முறை இருக்கிறது. செலவை எண்ணிக்கையால் வகுத்தால் ஓர் உருப்படியின் செலவு.

எங்கே கோணலாகிறது என்று கேட்பாய். முதல் இடம் அந்தக் கடிகாரமே. மதியம் ஃபிளாட் இயந்திரத்தில் ஆள் குறைந்தது என்று கடிதப் பக்கத்திலிருந்து ஒருவரை அனுப்புகிறார்கள். அவர் எண்ணை மாற்றிப் பதியாமல் போனால், ஃபிளாட்டின் செலவு கடிதக் குவியலில் விழுகிறது.

இரண்டாவது, கையில் தபாலே இல்லாத பதிவுகள். காலித் தட்டுகளை நகர்த்துகிறார், இயந்திரம் அடைத்துக்கொண்டு சீராகும்வரை நிற்கிறார், இடைவேளையில் இருக்கிறார். மூடிய பையையோ நிறைந்த கூண்டையோ தள்ளிக்கொண்டு போகிறார், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. இவற்றின் செலவை, அதே குவியலில் கண்ணால் பார்த்து எழுதிய பதிவுகளின் விகிதப்படி பங்கிடுகிறார்கள். வேறு வழி இல்லை என்று ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் காலித் தட்டை நகர்த்தும் வேலைக்கும் தட்டிலிருந்த கடிதங்களுக்கும் அதே விகிதம் பொருந்தும் என்பது ஒரு அனுமானம்தான். பத்திரிகை அனுப்புபவர்கள் பல ஆண்டுகளாக வாதாடி வருவது இந்த இடத்தில்தான்.

மூன்றாவது, ஒரு நொடியில் கண்ட செலவு வேறு, ஒரு உருப்படி கூடினால் கூடும் செலவு வேறு. தபால் பத்து சதவீதம் கூடினால் உழைப்பு நேரமும் பத்து சதவீதம் கூடுமா? 1997இல் தொடங்கிய கட்டண வழக்கில், கூடாது, அதைவிடக் குறைவாகத்தான் கூடும் என்று தபால் துறை பொருளியல் ஆய்வுடன் வந்தது. தபால் கட்டணங்களை மேற்பார்க்கும் ஒழுங்காணையம் அதை ஏற்கவில்லை. பிரிக்கும் வேலையின் செலவு ஏறக்குறைய முழுவதும் தபால் அளவோடு சேர்ந்தே ஏறும் என்ற பழைய நிலையிலேயே நின்றது. இங்கே எனக்குத் தபால் துறையின் பக்கமே சாய்வு. இயந்திரத்தை ஓடத் தயார் செய்யும் நேரம் நூறு கடிதத்துக்கும் பத்தாயிரம் கடிதத்துக்கும் ஒன்றுதானே.

இப்போது எடை. மொத்த அளவெடுப்பில் மிகப் பலவீனமான கண்ணி இதுதான். கடிதங்களில் பெரும்பாலானவை முதல் அவுன்ஸுக்குள் அடங்கிவிடும். 3 அவுன்ஸ் கடிதங்கள் மிகக் குறைவு, அவற்றைப் பிடிக்கும் பதிவுகளும் குறைவு. 10,000 பதிவு இருந்தால் மதிப்பீட்டில் ஏற்ற இறக்கம் சுமார் ஒரு சதவீதம். 25 பதிவுதான் என்றால் இருபது சதவீதம். அதனால் அவுன்ஸ் வாரியாகச் செலவைப் படம் வரைந்தால் கனமான முனையில் கோடு தாறுமாறாக ஏறி இறங்கும். அதில் எது உண்மை, எது மாதிரியின் குலுக்கல் என்று பிரிப்பது கடினம். தவிர, எடை கூடும்போது தடிமனும் கூடுகிறது, இயந்திரத்தில் சிக்கும் வாய்ப்பும் கூடுகிறது. செலவு ஏறியது எடையாலா தடிமனாலா? பதிவில் எடைதான் இருக்கிறது. 

எடை நேராகவே செலவாக மாறும் இடம் பயணிகள் விமானம். அங்கே செலவைப் பவுண்டு எடையால் பங்கிடுகிறார்கள். லாரியில் இடம்தான் கணக்கு. மாதிரிக்கு எடுத்த லாரியில் எந்தத் தபால் எத்தனை கன அடியை அடைத்தது என்று பார்த்துப் பங்கிடுகிறார்கள். தலையணை அடைத்த பெட்டி லாரியில் செலவாளி, பயணிகள் விமானத்தில் சாது.

பிரிட்டனின் ராயல் மெயிலும் 2006 ஆகஸ்டில் இதே பாதைக்கு வந்தது. 240க்கு 165 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர் தடிமன், 100 கிராம் வரை கடிதம். அதற்கு மேல் பெரிய கடிதம், அதற்கும் மேல் பொதி. நாடுகளுக்கிடையே தபால் நிர்வாகங்கள் ஒன்றுக்கொன்று கொடுக்கும் தொகையிலும் உருப்படிக்கு ஒரு பங்கு, கிலோவுக்கு ஒரு பங்கு என்று இரண்டு சேர்ந்திருக்கின்றன. ஒரு கிலோவில் ஐம்பது கடிதமும் இருக்கலாம், ஒரே பொட்டலமும் இருக்கலாம். பட்டுவாடா செய்யும் நாட்டுக்கு இரண்டும் ஒரே வேலை ஆகாது.

ஃபிளாட் விஷயத்தில் ஒரு வருத்தமான அத்தியாயம் உண்டு. கடிதத்தைப் போலவே ஃபிளாட்டையும் வீட்டு வரிசைப்படி அடுக்கிக் கொடுக்கும் பெரிய இயந்திரங்கள் நூறு வாங்கி நிறுவினார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் அந்த இயந்திரம் லாபமாக ஓட நிறைய ஃபிளாட் வேண்டும். நிறுவிய ஆண்டுகளிலேயே பத்திரிகையும் கேட்டலாக்கும் சரிந்தன. எதிர்பார்த்த வேகமும் வரவில்லை, பின்னாளில் அகற்றத் தொடங்கினார்கள். பத்திரிகைத் தபால் தன் செலவுக்கே வருமானம் ஈட்டாத நிலை ஆண்டுதோறும் நீடிக்கிறது. உங்கள் மலருக்கு விலை கூடுவதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இனி உன் வேலைக்கு வருகிறேன். அழைப்பிதழைச் சதுரமாக அச்சடிக்க யாராவது ஆசைப்பட்டால் தடுத்துவிடு. கடிதத்தின் நீளத்தை உயரத்தால் வகுத்தால் 1.3க்கும் 2.5க்கும் இடையில் வர வேண்டும். சதுரத்துக்கு 1தான் வரும். எது மேல், எது பக்கம் என்று இயந்திரத்துக்குத் தெரியாமல் உருண்டு போகும், கூடுதல் கட்டணம் விழும். 5க்கு 7 அங்குல அட்டையை 5.25க்கு 7.25 அங்குல உறையில் போடு, விகிதம் 1.38, கச்சிதம். ஆனால் முகவரியை நீளவாட்டில்தான் எழுத வேண்டும். அவர்கள் நீளம் என்பது முகவரி ஓடும் திசையை. அதே உறையை நிமிர்த்தி வைத்து முகவரி எழுதினால் கணக்கில் அது உயரமான உறையாகி, விகிதம் தவறிவிடும். எவ்வளவு பேர் இந்த இடத்தில் பணத்தை விடுகிறார்கள் தெரியுமா!

உறைக்குள் மஞ்சள், குங்குமப் பொட்டலம், அட்சதை எதையும் வைக்க விடாதே. தடிமன் கால் அங்குலத்தைத் தாண்டக் கூடாது, எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கவும் வேண்டும். சிறு பொட்டலம்கூட ஒரு மூலையில் புடைத்து நின்றால் பெல்ட்டுகளுக்கு நடுவே போகும்போது உறை கிழியும், குங்குமம் அடுத்த நூறு கடிதங்களில் படியும். வெளியே நூலும் ரிப்பனும் கொக்கியும் வேண்டாம். மொத்த எடை 3.5 அவுன்ஸுக்குள் இருக்கட்டும். அதைத் தாண்டினால் கடித அளவிலேயே இருந்தாலும் ஃபிளாட் விலைதான்.

மலர் எப்படியும் ஃபிளாட்தான். 12க்கு 15 அங்குலம், முக்கால் அங்குலத் தடிமனுக்குள் இருக்க வேண்டும், வளைய வேண்டும். விறைப்பான அட்டையை உள்ளே வைத்தால் பார்சல் விலைக்குப் போய்விடும். சங்கம் லாப நோக்கற்ற அமைப்பாகப் பதிவாகியிருந்தால் தபால் நிலையத்தில் அத்தகைய அமைப்புகளுக்கான கட்டணத்துக்கு அனுமதி வாங்கு, ஒரு தடவைக்குக் குறைந்தது 200 உருப்படியோ 50 பவுண்டோ வேண்டும். அந்த வகையில் ஃபிளாட்டுக்கு 4 அவுன்ஸ் வரை எடையே கணக்கில் வராது, ஒரே விலை. அதற்கு மேல் போனால் பவுண்டுக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். எனவே பக்கங்களை முடிவு செய்யும்முன் தாளின் கனத்தைப் பார். சில கிராம் மெல்லிய தாளில் 4 அவுன்ஸுக்குள் அடங்கிவிட்டால் இன்னொரு பக்கத்தைக்கூடச் சேர்க்கலாம்.

அச்சகத்தார் தாளின் கனத்தையும் மலரின் அளவையும் சொன்னதும் எழுது. எத்தனை பக்கம் தாங்கும் என்று கணக்குப் போட்டு அனுப்புகிறேன். அம்மாவைக் கண்ணுக்குச் சொட்டு மருந்து தவறாமல் விடச் சொல்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்