கதிருக்கு அம்மா எழுதுவது

அன்புள்ள கதிர்,

வைரஸ் காய்ச்சலால் உன் இதயத் தசையில் அழற்சி வந்திருக்கிறது. காய்ச்சல் விட்டு இரண்டு வாரம் ஆகியும் ஏன் ஆறு மாதம் பந்தைத் தொடக்கூடாது என்று நேற்று போனில் கோபப்பட்டாய். எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. அப்போது சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

வைரஸ் புகுந்த செல், அந்த வைரஸின் துண்டுகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். அதைக் கண்ட டி செல், அதாவது நம் எதிர்ப்பாற்றல் படையின் ஒரு வெள்ளை அணு, வந்து ஒட்டிக்கொள்ளும். பெர்ஃபோரின் என்ற புரதத்தால் சவ்வில் துளையிட்டு, கிரான்சைம் என்ற நொதியை உள்ளே அனுப்பும். அதோடு அந்தச் செல்லின் கதை முடிந்தது. ஈரலில் இது நடந்தால் புதுச் செல்கள் வளர்ந்துவிடும். இதயத்தில் அப்படியில்லை, கண்ணா. உன் வயதில் ஆண்டுக்கு நூற்றில் ஒரு தசைச் செல்தான் புதிதாகிறது. அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுப்போன கார்பன்-14 கொண்டு ஸ்வீடன் ஆய்வாளர்கள் 2009-இல் கணக்கிட்டது இது. செத்த செல்லின் இடத்தில் தழும்புதான் வரும். தழும்பு துடிக்காது. உன் ரத்தத்தில் ட்ரோபோனின் என்ற இதயத் தசைப் புரதம் கூடியிருந்ததே, அது உடைந்த தசைச் செல்களிலிருந்து கசிந்தது. அந்த அறிக்கையைப் பார்த்த இரவு நான் தூங்கவில்லை.

முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவள் நான். தைமஸ் சுரப்பியை டி செல்களின் பள்ளிக்கூடம் என்று சொல்லிக்கொடுப்பேன். உடலின் சொந்தப் புரதங்களைத் தாக்காதிருக்க அவை அங்கேதான் பழகுகின்றன. ஆனால் இதயத் தசையின் ஆல்ஃபா மயோசின் என்ற புரதம் அந்தப் பள்ளியில் பாடமாகவே வருவதில்லை. அதனால் செல் உடைந்து மயோசின் வெளியே வந்தால், சில டி செல்கள் அதையும் பகையென்று எண்ணிவிடலாம். வைரஸ் போன பிறகும் சண்டை நீள்வதற்கு இது ஒரு காரணம்.

எதிர்ப்பாற்றலை மருந்தால் அடக்கிவிடலாமே என்றாய். வைரஸை ஒழிப்பதும் இறந்த செல்களை அகற்றுவதும் அதே படைதான். அதனால்தான் மருத்துவர்கள் எல்லோருக்கும் அதைக் கொடுப்பதில்லை.

ஓய்வு மட்டும் உன் கையில் இருக்கிறது. இதயத்தைத் தாக்கக்கூடிய காக்சாக்கி வைரஸ் தொற்றிய எலிகளை நீந்த வைத்துப் பார்த்த ஆய்வு 1970-இல் வந்தது. சும்மா இருந்த எலிகளைவிட, நீந்திய எலிகளின் இதயத்தில் வைரஸ் பெருகியது; சேதமும் மிகுந்தது. நீ காய்ச்சலோடு மைதானத்துக்குப் போன அந்த மூன்று நாட்களை நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது. படபடப்போ மயக்கமோ வந்தால் எனக்கு போன் செய்யும் முன் ஆஸ்பத்திரிக்குப் போ.

சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறேன். பெட்டியைத் தூக்க ஸ்டேஷனுக்கு வராதே. ஆட்டோ பிடித்து நானே வந்துவிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா