ஓய்வுபெற்ற ஊழியர் ஐக்கியம், வேலூர்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அம்மா அவர்களுக்கும், ஆயர் அவர்களுக்கும், பொருளாளர் ஐயா அவர்களுக்கும், மின்விசிறிக்கு நேர்கீழே இடம் பிடிப்பதற்காக அரை மணி முன்னதாகவே வந்து அமர்ந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் என் ஸ்தோத்திரம்.

சென்ற ஆண்டின் அறிக்கை நீளம் என்று குறை சொன்னீர்கள். ஆகவே வழக்கமான விவரங்களை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். ஆண்டுத் தொடக்கத்தில் நாம் 41 பேர். மூவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள். ஒருவர் மகன் வீட்டோடு பெங்களூருக்குப் போய்விட்டார். இருவர் புதிதாகச் சேர்ந்தார்கள். ஆக 39. இரண்டாம் சனிக்கிழமைக் கூட்டம் பத்து மாதங்கள் நடந்தது. டிசம்பரில் மழை, மே மாதம் ஏன் நடக்கவில்லை என்பதுதான் இந்த அறிக்கையின் பெரும்பகுதி. வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் கேள்வி கேட்க விரும்புகிறவர்கள் அவரிடமே கேட்கவும்.

ஆகஸ்டில் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமத்துக்கு வேன் வைத்துப் போய்வந்தோம். 1921இல் டாக்டர் ஜேசுதாசனும் டாக்டர் பேட்டனும் தொடங்கிய இடம் அது. ஒருவர் தமிழர், மற்றவர் வெள்ளைக்காரர். ஊரார் முன்னவரைப் பெரியண்ணன் என்றும் பின்னவரைச் சின்னண்ணன் என்றும் அழைத்தார்கள். வெள்ளைக்காரர் ஆட்சி நடந்த காலத்தில் ஒரு வெள்ளைக்காரர் 'சின்ன' அண்ணனாக இருக்கச் சம்மதித்தார் என்பதை, கோயிற்கட்டடம் போலவே எழுப்பியிருக்கும் அந்த ஜெபாலயத்தின் நிழலில் உட்கார்ந்து வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். திரும்பும் வழியில் ஆம்பூரில் சாப்பாடு. அந்தச் செலவு ஐக்கியத்தின் கணக்கில் இல்லை.

இனி மே மாதம்.

நம் வட்டாரத்துச் சபைகளின் மூன்று நாள் மாநாடு இம்முறை வேலூரில் கூடியது. ஆற்காடு, ராணிப்பேட்டை, ஆரணி, குடியாத்தம், திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஆட்கள் வருவார்கள். அரசாங்கம் 1989இல் வடஆற்காட்டை இரண்டாக்கியது; 2019இல் வேலூரை மூன்றாக்கியது. சபைக்காரர்களுக்கு மட்டும் இது இன்னமும் ஒரே ஜில்லா.

ஏற்பாட்டுக் கூட்டத்துக்கு நம்மையும் அழைத்தார்கள். நாற்காலி போட்டு, காபி கொடுத்து, வாலிபர் ஐக்கியத்தின் செயலாளர் தம்பி மிகுந்த மரியாதையோடு சொன்னார்: "நீங்கள் யாரும் சிரமப்பட வேண்டாம். ஜெபத்தில் தாங்கினால் போதும்." நம் சபையில் இதற்கு என்ன பொருள் என்று எல்லாருக்கும் தெரியும். ஓரமாக உட்காருங்கள் என்று பொருள். நம் தலைவர் அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடியே, "தம்பி, ஜெபம் நீ சொல்லாவிட்டாலும் செய்வோம். வேலை என்ன இருக்கிறது, அதைச் சொல்" என்றார். அந்தத் தம்பி ஐந்தாம் வகுப்பு அம்மாவிடம் படித்தவர். தன்னையறியாமல் எழுந்து நின்றுவிட்டார்.

ஆயர் நிலைமையைப் புரிந்துகொண்டு, மாநாட்டுக்கு முந்தின வாரம் முழுவதையும் நமக்குக் கொடுத்தார். "மூத்த மிஷனெரிகள் ஒரு வாரம் ஊழியம் செய்யட்டும்" என்று ஞாயிறு ஆராதனையில் அறிவித்தும்விட்டார். அந்தப் பெயர் நம்முள் சிறு சச்சரவைக் கிளப்பியது உண்மை. நம்மில் உண்மையாகவே மிஷனெரியாக வடக்கே போய் வாழ்ந்தவர்கள் ஐந்து பேர்தான். மற்றவர்கள் ஆசிரியர், நர்ஸ், தபால் இலாகா, மின்வாரியம், நான் பள்ளி அலுவலகத்தில் குமாஸ்தா. "நான் காட்பாடியைத் தாண்டி ஊழியம் செய்ததில்லை, எனக்கு அந்தப் பெயர் வேண்டாம்" என்று ஒருவர் எழுதியே கொடுத்தார். அந்தக் கடிதம் கோப்பில் இருக்கிறது.

திங்கட்கிழமை பெயர்ப்பதிவில் தொடங்கினோம். இளைஞர்கள் கூகுள் படிவம் அனுப்பியிருந்தார்கள். குறை சொல்லவில்லை, நகரத்துச் சபைகளின் விவரம் அதில் அழகாக வந்திருந்தது. ஆனால் கிராமச் சபைகள் பலவற்றிலிருந்து ஒரு பெயரும் இல்லை. 'வரவில்லை போலும்' என்று அவர்கள் கணக்கிட்டிருந்தார்கள். தொலைபேசி நிலையத்தில் முப்பது ஆண்டுகள் இணைப்புக் கொடுத்த நம் அக்கா ஒருவர், பழைய டைரியை எடுத்துக்கொண்டு வராந்தாவில் உட்கார்ந்தார். ஆயர் வீடு, உபதேசியார் வீடு, சபை மூப்பர் வீடு என்று இரண்டு நாள் விடாமல் பேசினார். படிவத்தில் இல்லாத 63 பேர் வருகிறார்கள் என்று தெரிந்தது. பெயர் மட்டுமா? யாருக்கு முழங்கால் மடங்காது, யார் மாடி ஏற முடியாது, யார் கைக்குழந்தையோடு வருகிறார், எந்த இரண்டு பேரை ஒரே அறையில் தங்கவைக்கக்கூடாது என்பது வரைக்கும் அந்த டைரியில் ஏறிவிட்டது. கடைசியாகச் சொன்னதை நான் பதிவேட்டில் எழுதவில்லை.

அந்தப் பட்டியலில் ஒன்பது பேர் இன்சுலின் போடுகிறவர்கள். இதை யாரும் யோசித்திருக்கவில்லை. மே மாத வேலூர், பள்ளி வகுப்பறையில் பாயில் படுக்கை, மூன்று நாள். பைக்குள் கிடக்கும் இன்சுலின் என்ன ஆகும்? ஒரு தம்பி நல்ல மனதோடு ஐஸ் பெட்டி கொண்டுவந்து, பரீட்சார்த்தமாகத் தன் தாயாரின் மருந்துக் குப்பியை நேராக ஐஸ்கட்டி மேல் வைத்துக் காட்டினார். நம் ஓய்வுபெற்ற நர்ஸ் சிஸ்டர் ஓடிப்போய் எடுத்தார். இன்சுலின் உறைந்தால் வீண். பிறகு அறை வெப்பத்துக்குத் திரும்பினாலும் பயன்படாது. பிரிக்காத குப்பிகளை ஆயர் வீட்டுக் குளிர்பெட்டியின் நடுத்தட்டில் வைப்பது என்று முடிவாயிற்று. பிரித்துப் பயன்படுத்துகிற குப்பி அறை வெப்பத்தில் நான்கு வாரம் போலத் தாங்கும் என்றாலும், அறை என்பது நாற்பது டிகிரியில் கொதிக்கும் வகுப்பறை அல்லவே. ஒவ்வொரு வேளையும் பாட்டிகளை ஆயர் வீடுவரை நடக்கவைக்கவும் முடியாது.

இங்கேதான் ஒடிசாவில் மலைக்கிராமத்தில் ஊழியம் செய்து திரும்பிய ஐயா வாய் திறந்தார். மாதக் கூட்டங்களில் அவர் பேசி நான் அதிகம் கேட்டதில்லை. "மின்சாரமில்லாத ஊரில் இருபது வருஷம் இருந்தோம். பானை வாங்கிவாருங்கள்" என்றார். பெரிய மண்பானைக்குள் ஈர மணல், மணலுக்குள் சின்னப் பானை, சின்னப் பானைக்குள் மூடியுள்ள டப்பாவில் மருந்து, மேலே நனைத்த சாக்கு. காற்றோட்டமான நிழலில் வைத்து, காலையும் மாலையும் மணலில் தண்ணீர் தெளிக்க வேண்டும். பானையின் மண் வழியே கசியும் நீர் ஆவியாகப் போகும்போது உள்ளே இருக்கும் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. காற்று உலர்ந்திருக்கும் ஊரில்தான் இது நன்றாக வேலை செய்யும். கடற்கரை ஊரில் இவ்வளவு பலன் இருக்காது என்றும் அவரே சொன்னார். நம் ஊரின் வறட்டு வெயிலுக்கு முதன்முறையாக ஒரு நன்மை கண்டேன். சிஸ்டர் சும்மா ஒப்புக்கொள்ளவில்லை. தெர்மாமீட்டரை உள்ளே போட்டு, இரண்டு பகல் முழுவதும் குறித்துப் பார்த்த பிறகே தலையசைத்தார். கட்டடத்துக்கு ஒன்றாக மூன்று பானைகள் வைத்தோம். ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் ஒட்டியிருந்தது. மாநாட்டின் இரண்டாம் நாள் மாலை மின்சாரம் மூன்று மணிநேரம் போனபோது, ஆயர் வீட்டம்மா குளிர்பெட்டியில் இருந்த மருந்தையும் பானைக்கே அனுப்பிவிட்டார்.

புதன்கிழமை நேர்ந்ததையும் மறைக்காமல் எழுத வேண்டும். பெஞ்சு நகர்த்திக்கொண்டிருந்த நம் துணைத்தலைவர் பதினொரு மணி வெயிலில் தலைசுற்றி வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டார். ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து சிஸ்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவைத்தார். அரை மணியில் எழுந்துவிட்டார். ஆனால் இளைஞர்களின் முகத்தில் 'இதற்குத்தான் சொன்னோம்' என்பது தெரிந்தது. அவர்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை, அது அவர்களுடைய பண்பு. தப்பு நம்முடையதுதான். வேலை வேண்டும் என்று கேட்டவர்கள் எந்த வேலை என்றும் பார்த்திருக்க வேண்டும். பெஞ்சு தூக்குவது எழுபத்திரண்டு வயதுக்கு ஊழியம் அல்ல, வீம்பு. அன்று முதல் காலை ஆறிலிருந்து பத்து வரை, மாலை நான்கிலிருந்து ஏழு வரை என்று நேரம் வகுத்தோம். பாரம் தூக்குவது முழுக்க அவர்களுக்கு, உட்கார்ந்து செய்வது நமக்கு. இதைத் திங்கட்கிழமையே செய்திருக்கலாம்.

வியாழக்கிழமை கண்காட்சிப் பலகைகள். வரலாற்றுப் பலகையில் '1900இல் ஐடா அம்மையார் ஆற்காடு மிஷனைத் தொடங்கினார்' என்று பெரிய எழுத்தில் அச்சாகி வந்திருந்தது. தலைவர் அம்மா சிவப்பு மை கேட்டார். ஆற்காடு மிஷன் என்ற அமெரிக்க ஊழிய அமைப்பு 1853இல் ஹென்றி மார்ட்டின் ஸ்கடரும் அவர் தம்பியர் வில்லியமும் ஜோசப்பும் தொடங்கியது. அவர்களுடைய தகப்பனார் டாக்டர் ஜான் ஸ்கடர் 1819இலேயே அமெரிக்காவிலிருந்து இலங்கைக்குக் கப்பலேறியவர். ஐடா அம்மையார் ஹென்றியின் தம்பி மகள். 1900இல் அவர் வேலூரில் தொடங்கியது ஒற்றைப் படுக்கை மருத்துவமனை. 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி. தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. புதிதாக அச்சிட நேரமில்லாததால் மேலே வெள்ளைத்தாள் ஒட்டி, நம் ஓவிய ஆசிரியர் கையால் எழுதினார். அச்சைவிட அதுவே நன்றாக இருந்தது என்பது என் கருத்து.

ஆனால் பலகை முழுக்க ஸ்கடர், ஸ்கடர் என்றே இருந்தது. நான் குறை சொல்லவில்லை, அந்தக் குடும்பம் இந்த மண்ணுக்குச் செய்தது அவ்வளவு. ஆனாலும் பைபிள் உமன் என்று அந்நாளில் அழைத்தார்களே, வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த நம் பாட்டிமார், அவர்களில் ஒருவர் பெயர்கூட எங்கும் இல்லை. புகைப்படத்தில் இருக்கிறார்கள், பின்வரிசையில், பெயரில்லாமல். ஆகவே கடைசியில் ஒரு வெற்றுத்தாளை ஒட்டிப் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டு, 'உங்கள் வீட்டுப் பாட்டி இந்த ஊழியத்தில் இருந்திருந்தால் பெயரும் ஊரும் எழுதவும்' என்று எழுதிவைத்தோம். முதல்நாள் யாரும் தொடவில்லை. இரண்டாம் நாள் காலை செய்யாற்றுப் பக்கத்து அம்மா ஒருவர், தனக்கு எழுத வராது என்று பேத்தியை விட்டு எழுதவைத்தார். அதன்பிறகு தாள் போதவில்லை. நோட்டுப் புத்தகத்திலிருந்து கிழித்து ஒட்டினோம். அதில் என் அப்பாவின் தாயார் பெயரும் இருக்கிறது. அவர் இந்த வேலையில் இருந்தார் என்பது எனக்கு அன்றுவரை தெரியாது. ஆரணியிலிருந்து வந்த பெரியவர் எழுதியிருந்ததைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

சமையலைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சமையற்காரர்கள் தெரிந்தவர்கள். நம்மவர்கள் வெங்காயம் உரித்தார்கள், இலவம்பாடி முள் கத்தரிக்காய்க்குக் காம்பு நறுக்கினார்கள், பிரியாணிக்கு அரிசிக்குச் சமமாகக் கறி போட வேண்டுமா என்று விவாதித்தார்கள். போட வேண்டும். போட்டார்கள். பாட்டுப் பயிற்சியில் கீர்த்தனைகளா புதுப்பாட்டுகளா என்ற பழைய வழக்கு மறுபடி வந்து, வழக்கம்போலத் தீர்ப்பில்லாமல் முடிந்தது.

என் பிழையையும் சொல்லிவிட வேண்டும். வெள்ளிக்கிழமை இரவு பள்ளியின் சாமான் அறைச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சத்துவாச்சாரிக்குப் போய்த் தூங்கிவிட்டேன். பாய்களெல்லாம் அந்த அறைக்குள். முதலில் வந்திறங்கிய குடியாத்தம் ஆட்கள் வெறுந்தரையில் படுத்திருந்தார்கள். இரவு பதினொன்றரைக்கு வாலிபர் செயலாளர் இருசக்கர வண்டியில் வந்து கதவைத் தட்டினார். ஒரு கடுஞ்சொல் இல்லை. "தாத்தா, சாவி" என்றார், அவ்வளவுதான். நான் ஏறி உட்கார்ந்து அவரோடு போய்க் கதவைத் திறந்துவிட்டேன். வழியில், பானை வைக்கும் முறையைத் தன் அம்மாவுக்கும் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஐஸ் பெட்டி கொண்டுவந்தவர் அவர்தான்.

வரும் ஆண்டுக்கு இரண்டு தீர்மானங்களை முன்வைக்கிறேன். கிராமச் சபைகளின் தொலைபேசிப் பட்டியலை நம் ஐக்கியம் ஆண்டுக்கு இருமுறை சரிபார்த்து ஆயர் அலுவலகத்தில் கொடுப்பது. பாட்டிமார் பெயர்த்தாள்களைப் பூச்சி அரிக்காமல் புத்தகமாகத் தைத்துக் கட்டி, சபை அலமாரியில் ஒரு தட்டு கேட்டு வாங்குவது. இப்போது அவை என் வீட்டுப் பெட்டியில் இருக்கின்றன. பார்க்க விரும்புகிறவர்கள் மாலை நான்கு மணிக்குமேல் வரலாம்.

வாடகைக்கு எடுத்த பாய்கள் 150. திரும்பிய பாய்கள் 143. ஏழு பாய்க்கான தொகையை, சாவி என்னிடம் இருந்தது என்பதால், நானே கட்டிவிட்டேன். யார் வீட்டிலாவது இருந்தால் வெயில் தாழ்ந்தபின் கொண்டுவந்து வராந்தாவில் வைத்துவிடலாம். யார் என்று கேட்கமாட்டேன்.

இந்த அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்