ஆறில் தொடங்கு

அன்புத் தோழிக்கு,

நலம்தானே? வேலை முடிந்து யீஷூனுக்கு வரும் வழியில் உன் குரல்பதிவைக் கேட்டேன். அம்மா இந்த வாரம் சக்கர நாற்காலியில் கோயிலுக்குப் போய்வந்தார்கள் என்று நீ சொன்னதைக் கேட்டு மனம் குளிர்ந்தது. இங்கே எல்லாரும் சௌக்கியம். மாமியாருக்குக் கண்புரை அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, தமிழ் முரசைக் கண்ணாடி இல்லாமலே படிக்கிறார். மகள் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டாள். வீட்டில் அவளைப் பார்ப்பதே அபூர்வமாகிவிட்டது.

நீ கடைசியில் போகிறபோக்கில் சொன்ன விஷயத்துக்குத்தான் இந்தக் கடிதம். தேசிய சேவைக்குத் தயாராகும் மூத்தவனோடு சேர்ந்து நீயும் தினம் 100 சிட்-அப் எடுக்கிறாய், காலையில் எழுந்த கையோடு பாயை விரித்துவிடுகிறாய், இப்போது கீழ்முதுகு பிடித்துக்கொண்டிருக்கிறது என்றாய். வாட்ஸ்அப்பில் நாலு வரியில் சொல்லி முடிகிற பதில் இல்லை இது. பிசியோதெரபிஸ்டாக இத்தனை வருஷம் வேலை பார்த்துவிட்டு உனக்குச் சொல்லாமல் வேறு யாருக்குச் சொல்லப்போகிறேன்?

முதலில் பையனின் கணக்கு வேறு, உன் கணக்கு வேறு. அவனுக்கு முன்னால் ஐபிபிடி, அதாவது சிங்கப்பூர் ராணுவத்தின் உடற்தகுதித் தேர்வு இருக்கிறது. 2015-இல் அதை மாற்றியமைத்ததிலிருந்து மூன்றே அங்கம்: ஒரு நிமிடம் புஷ்-அப், ஒரு நிமிடம் சிட்-அப், பிறகு 2.4 கிலோமீட்டர் ஓட்டம். மொத்தம் 100 புள்ளி. அதில் சிட்-அப்புக்கு 25. அவன் வயதில் அந்த 25-ஐ முழுதாக எடுக்க ஒரு நிமிடத்தில் 60 எடுக்க வேண்டும், அதாவது நொடிக்கு ஒன்று. சேவையில் சேர்வதற்கு முன்பே 61 புள்ளி எடுத்துவிட்டால் முழுநேரச் சேவையில் இரண்டு மாதம் குறையும் என்பதால் அவன் இப்போதே மும்முரமாக இருப்பதில் நியாயம் உண்டு. ஆனால் ஓட்டத்துக்கு மட்டும் 50 புள்ளி. சிட்-அப் ஓரளவு கைவந்த பிறகு மேலே ஏற ஏற ஒரு புள்ளிக்கு இன்னும் அதிக எண்ணிக்கை கேட்பார்கள். அந்த நேரத்தை ஜூரோங் ஏரித் தோட்டத்தில் ஓடுவதற்குச் செலவழித்தால் அவனுக்கு லாபம் என்று நான் சொன்னதாகச் சொல்.

உனக்கு எந்தத் தேர்வும் இல்லை. அப்படியிருக்க 100 எங்கிருந்து வந்தது? முழு எண் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உனக்குத் தேவை என்ன என்பதை நீயே அந்தப் பதிவில் இரண்டு முறை சொல்லியிருக்கிறாய்: அம்மாவைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்றும்போது முதுகு வலிக்கக் கூடாது. அதுதான் இலக்கு. அதை வைத்துக்கொண்டு பயிற்சியைத் தேடினால் நூறு சிட்-அப் அந்தப் பட்டியலிலேயே வராது.

ஏன் என்று சொல்கிறேன். சிட்-அப்பில் தலையும் தோளும் தரையை விட்டு எழும் முதல் பகுதியில்தான் வயிற்றுத் தசை முக்கியமாக வேலை செய்கிறது. அதற்குப் பிறகு உடம்பைத் தூக்கி நிமிர்த்துவதில் பெரும்பங்கு தொடையை இடுப்போடு மடக்கும் தசைகளுக்கு. யாராவது பாதத்தைப் பிடித்துக்கொண்டால் அவற்றின் பங்கு இன்னும் கூடும். அவற்றில் சோவாஸ் என்று ஒன்று கீழ்முதுகின் எலும்புகளிலேயே ஒட்டியிருக்கிறது. ஒவ்வொரு முறை நீ எழும்போதும் அது முதுகெலும்பை முன்பக்கமாக இழுத்து அழுத்துகிறது. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் முதுகெலும்பை ஆராய்ந்த பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில், ஒரு சிட்-அப்பில் கீழ்முதுகின் மேல் விழும் அழுத்தத்தை ஏறக்குறைய 3,300 நியூட்டன் என்று கணக்கிட்டார். 330 கிலோவுக்கு மேற்பட்ட எடை அழுத்துவதற்குச் சமம் அது. இளம் முதுகு அளவோடு செய்தால் தாங்கிக்கொள்ளும். களைத்துப்போய்க் கழுத்தைக் கையால் இழுத்து இழுத்து எழும் முதுகுக்கு அது வேறு கதை. அமெரிக்கத் தரைப்படையே பல்லாண்டு நடத்திய சிட்-அப் சோதனையைக் கைவிட்டு, 2022-இல் பிளாங்குக்கு, அதாவது உடம்பைப் பலகைபோல் நேராக அசையாமல் தாங்கி நிற்கும் பயிற்சிக்கு மாறிவிட்டது.

அதுவும் நீ படுக்கையிலிருந்து எழுந்தவுடன் செய்கிறாய். இரவு முழுக்கப் படுத்திருக்கும்போது முதுகெலும்புகளுக்கு நடுவே இருக்கும் வட்டுகள் நீரை உறிஞ்சி உப்பியிருக்கும். அந்த நேரத்தில் முதுகை மடக்கினால் அவற்றின் மேல் அழுத்தம் அதிகம். குறைந்தது ஒரு மணி நேரமாவது நடமாடிவிட்டு, குளித்து, பசியாறிச் சிறிது நேரம் விட்டுச் செய். உன் முதுகுவலிக்கு இதுவே பாதிக் காரணமாக இருக்கலாம் என்று எனக்குச் சந்தேகம்.

அம்மாவைத் தூக்கும்போது உனக்கு உதவுவது முன்வயிற்றுத் தசை மட்டும் இல்லை. வயிற்றை ஒரு பெட்டி என்று நினைத்துக்கொள். மேல்மூடி, மூச்சு விட உதவும் உதரவிதானம். அடித்தளம், கர்ப்பப்பையையும் சிறுநீர்ப்பையையும் தாங்கும் இடுப்புத்தளத் தசைகள். சுற்றிலும் வார்ப்பட்டைபோல ஓடும் ஆழ்ந்த வயிற்றுத் தசையும், பின்னால் முதுகெலும்பை ஒட்டிய சிறு தசைகளும். கனமான ஒன்றைத் தூக்கும்போது இவை எல்லாம் சேர்ந்து இறுகி முதுகை அசையாமல் காக்க வேண்டும். சிட்-அப் பழக்குவது வளைவதை. உனக்கு வேண்டியதோ வளையாமல் நிற்பது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும், கூச்சப்படாதே. மூன்று பிள்ளை பெற்றவள் நீ. தும்மினால், படியேறினால் ஒரு சொட்டுக் கசிகிறதா? நம் பெண்கள் பலர் இதை அம்மாவிடம்கூடச் சொல்வதில்லை, பிள்ளை பெற்றால் இப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். அப்படி விட வேண்டியதே இல்லை. பயிற்சியால் பெரும்பாலும் குறையக்கூடிய விஷயம் அது. மல்லாந்து படுத்து, முட்டியை மடக்கி, தொப்புளுக்கு மேலும் கீழும் விரல்களை வைத்துக்கொண்டு தலையை மட்டும் லேசாகத் தூக்கிப் பார். நடுக்கோட்டில் இரண்டு விரலுக்கு மேல் இடைவெளி தெரிந்தாலோ, நடுவில் கூரைபோல் புடைத்தாலோ, சிட்-அப் பக்கம் இப்போதைக்குப் போகாதே. பலதுறை மருந்தகத்தில் சொன்னால் பெண்களுக்கான பிசியோதெரபிக்கு அனுப்பிவைப்பார்கள். வலி காலுக்கு இறங்கினாலோ, மரத்துப்போனாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பார்.

இடைவெளி இல்லை, முதுகுவலியும் அடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அப்போது இப்படிச் செய். மல்லாந்து படு. ஒரு காலை மடக்கி, மறுகாலை நீட்டிக்கொள். இரண்டு உள்ளங்கையையும் இடுப்புக்கு மேலே, முதுகு தரையைத் தொடாத அந்தச் சிறு குழிவில் கொடு. மூச்சை விட்டுக்கொண்டே தலையையும் தோளையும் தரையிலிருந்து சற்றே தூக்கு, அவ்வளவுதான். கழுத்து மடங்கக் கூடாது, உன் பார்வை உத்தரத்தில் இருக்கட்டும். கைக்கு மேல் முதுகு அழுந்தவும் கூடாது, விலகவும் கூடாது. எட்டுப் பத்து நொடி நிறுத்தி இறங்கு. பன்னிரண்டுக்கு மேல் கழுத்தை இழுத்துத்தான் எழுந்தேன் என்று சொன்னாயே, அதுதான் உன் உண்மையான எண். அதில் பாதி, ஆறில் தொடங்கு. ஆறு, நடுவில் ஒரு நிமிடம் ஓய்வு, மறுபடி ஆறு, மறுபடி ஆறு. ஒரு நாள் விட்டு ஒரு நாள். மூன்றாவது சுற்றும் முதல் சுற்றுபோலவே சுத்தமாக வந்தால் அடுத்த வாரம் ஒன்று கூட்டு. வராவிட்டால் அங்கேயே நில்.

அதோடு இரண்டு சேர்த்துக்கொள். ஒருக்களித்துப் படுத்து, முழங்கையையும் முட்டியையும் ஊன்றி இடுப்பைத் தூக்கிப் பத்து நொடி நிற்பது ஒன்று, இரண்டு பக்கமும். இரண்டு உள்ளங்கையையும் இரண்டு முட்டியையும் தரையில் ஊன்றி நின்று, வலக்கையையும் இடக்காலையும் நீட்டி, பிறகு மாற்றி நீட்டுவது இன்னொன்று. அப்போது முதுகில் ஒரு குவளைத் தண்ணீர் வைத்தாலும் சிந்தாத அளவுக்கு இடுப்பு அசையாமல் இருக்க வேண்டும். எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம்கூட ஆகாது. புளோக்கின் கீழே உடற்பயிற்சி மூலையில் இருக்கும் சரிவுப் பலகையை மட்டும் விட்டுவிடு. பாதத்தை மாட்டிக்கொண்டு தலைகீழாகச் செய்யும் அது உனக்கு இப்போது வேண்டாம்.

நாலு வாரம் கழித்து மறுபடி எண்ணிப் பார்க்கலாம். முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்புகள் தசையை நன்றாக இயக்கப் பழகுவதால் வருவது. தசை கனப்பதற்கு அதற்கு மேலும் ஆகும். அதனால் கண்ணாடியில் ஒன்றும் தெரியவில்லை என்று விட்டுவிடாதே. தொப்பையைக் குறைக்கத்தான் செய்கிறாய் என்றால், எத்தனை சிட்-அப் எடுத்தாலும் வயிற்றுக் கொழுப்பு மட்டும் தனியாகக் கரையாது. அதற்கு நடையும் சாப்பாடும்தான். தீபாவளிக்கு முன் தேக்காவுக்கும் வீட்டுக்கும் அலையும் வாரத்தில் இரண்டு நாள் விட்டுப்போனால் போகட்டும், மூன்றாம் நாள் விட்ட எண்ணிலிருந்தே தொடர். சேர்த்துவைத்து ஒரே நாளில் செய்து ஈடுகட்டப் பார்க்காதே.

அடுத்த ஞாயிறு மாலை நான் வருகிறேன். அம்மாவைத் தூக்கும் முறையைப் பார்க்க வேண்டும். நாற்காலியைக் கட்டிலுக்கு நெருக்கமாகச் சாய்த்துப் போட்டுச் சக்கரத்தைப் பூட்டுகிறாயா, முதுகை வளைக்காமல் முட்டியை மடக்குகிறாயா, தூக்கும் நொடியில் மூச்சை விடுகிறாயா என்பதெல்லாம் எழுத்தில் புரியாது. இடுப்பில் கட்டிப் பிடித்துத் தூக்கும் பட்டை ஒன்றும் கொண்டுவருகிறேன். அண்ணனையும் மூத்தவனையும் அன்றைக்கு வீட்டில் இருக்கச் சொல். உனக்கு எவ்வளவு பலம் வந்தாலும் அம்மாவை நாளெல்லாம் நீ ஒருத்தியே தூக்குவதை நான் ஒத்துக்கொள்ளமாட்டேன். அவர்களும் கற்றுக்கொள்ளட்டும்.

அதுவரை பாயைச் சுருட்டி வை. அம்மாவை நான் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
உன் தோழி