பாடசாலை வரவுக் குழுக்களுக்கு ஆண்டுதோறும் நிதி ஒதுக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
தோட்டப் பெற்றோர், முன்னாள் மாணவர்கள் சார்பில்,
பொகவந்தலாவை.

பெறுநர்:
கௌரவ ஆளுநர் அவர்கள்,
மத்திய மாகாணம்,
ஆளுநர் செயலகம், கண்டி.

பிரதி: மாகாணக் கல்விப் பணிப்பாளர்.

விடயம்: தோட்டப் பிள்ளைகள் பாடசாலையை விட்டு நிற்பதைத் தடுக்கும் உள்ளூர் வேலைகளுக்கு மாகாண நிதி கோருதல்

கௌரவ ஆளுநர் அவர்களுக்கு,

பொகவந்தலாவைப் பகுதித் தேயிலைத் தோட்டங்களில் வாழும் பெற்றோரும், இங்குள்ள பாடசாலைகளில் படித்து இன்று வேறு வேறு தொழில்களில் இருப்போரும் சேர்ந்து இம்மனுவைத் தங்களிடம் சமர்ப்பிக்கின்றோம். மத்திய மாகாண சபையின் பதவிக் காலம் 2018 ஒக்டோபரில் முடிவடைந்த பின்னர் மாகாணத்தின் நிதி பற்றிய தீர்மானங்கள் தங்கள் கையிலேயே இருப்பதால், இக்கோரிக்கையை நேரடியாகத் தங்களுக்கே எழுதுகின்றோம்.

சட்டத்தில் குறை ஏதும் இருப்பதாக நாம் கூற வரவில்லை. கல்விக் கட்டளைச் சட்டத்தின் கீழ் 1997இல் ஆக்கப்பட்டு 1998 முதல் நடைமுறைக்கு வந்த ஒழுங்குவிதிகள் 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளின் பாடசாலை வரவைக் கட்டாயமாக்கின. 2016இல் அந்த வயதெல்லை 16 ஆயிற்று. 2021இல் வேலைக்கு அமர்த்தக்கூடிய ஆகக் குறைந்த வயதும் 16 ஆக உயர்த்தப்பட்டது. பிள்ளைகளின் வரவைக் கண்காணிக்கக் கிராம உத்தியோகத்தர் பிரிவு மட்டத்தில் குழு அமைக்கவும் ஏற்பாடு உண்டு. ஆனால் எமது பிரிவின் குழுவிடம் இருப்பது ஒரு கோப்பும் ஓர் இறப்பர் முத்திரையும்தான். லயத்துக்கு, அதாவது தோட்டத் தொழிலாளரின் தொடர் வீடுகளுக்குப் போய் ஒரு பிள்ளையைப் பார்த்துவர வேண்டுமென்றால், போகிறவர் தம் கைக்காசில்தான் பஸ் ஏற வேண்டும்.

பிள்ளைகள் எங்கே நழுவுகிறார்கள் என்பது எமக்கு நன்றாகத் தெரியும். தோட்டப் பாடசாலைகள் பல தரம் 5 வரையே உள்ளவை. அதுவரை பாடசாலை கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. காலையில் உணவும் கிடைக்கிறது. தரம் 6க்குப் பெயர் பதிந்ததும் அதே பிள்ளை மேல் கணக்கிலிருந்து (தோட்டத்தின் மேற்பிரிவிலிருந்து) இறங்கி, பிரதான வீதிவரை நடந்து, ஏற்கனவே நிரம்பி வரும் பஸ்ஸில் தொற்றிக்கொள்ள வேண்டும். மாணவர்களுக்குச் சலுகைக் கட்டணப் பருவச் சீட்டு உண்டு என்பது உண்மையே. பஸ் வராத தோட்டப் பாதையில் அந்தச் சீட்டால் பயனில்லை. மழை பிடித்துவிட்டால் ஈரச் சப்பாத்தும் அட்டைக்கடியுமாகப் போய்ச் சேரும் பிள்ளைக்கு முதலாம் பாடவேளை ஏற்கனவே முடிந்திருக்கும், பிந்தி வந்ததற்கான ஏச்சும் காத்திருக்கும். இப்படி நாலு நாள் போனால், ஐந்தாம் நாள் அது சீருடையோடு புறப்பட்டுத் தேயிலைக்குள் மறைந்திருந்துவிட்டு இரண்டு மணிக்கு வீடு திரும்புகிறது. இதைத்தான் ஊரில் மட்டம் போடுவதென்று சொல்லிச் சிரிக்கிறார்கள். அதற்குள்ளேயே பெற்றோர், காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்குப் போய்விடுவதால், கவனிப்பதற்கு வீட்டில் எவரும் இருப்பதில்லை.

வீட்டார் நிறுத்துவதும் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்வதே முறை. தாய் வெளிநாட்டுக்கு வீட்டு வேலைக்குப் போயிருக்கும் குடும்பங்களில் மூத்த பெண் பிள்ளை தம்பி தங்கைகளுக்குத் தாயாகிவிடுகிறாள். சம்பள நாளன்றும் மறுநாளும், கொழுந்து அதிகமாக வரும் மாதங்களிலும், திருவிழாவுக்குப் பிந்திய வாரத்திலும் வகுப்பறைகள் வெறிச்சோடுகின்றன. சில பையன்களைக் கொழும்பில் கடையில் நிற்க யாராவது ஒருவர் அழைத்துப் போய்விடுகிறார். பின்னர் இடாப்பிலிருந்து பெயர் வெட்டப்பட்டால், அந்தப் பிள்ளையைத் தேடும் பொறுப்பு எவருக்கும் இல்லாமற் போகிறது. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மண்சரிவுகள் மலையகக் குடும்பங்கள் பலவற்றை இடம்பெயர வைத்தபின் இந்தத் தேடுதல் இன்னும் கடினமாகியுள்ளது.

பெற்றோரை நீதிமன்றுக்கு அழைப்பதால் இது தீரும் என்று நாம் நம்பவில்லை. தண்டப்பணம் கட்டுவதற்காகத் தாய் ஒரு நாள் பேரை, அதாவது அன்றைய சம்பளத்தை இழந்தால், மறுநாள் வீட்டில் நிற்கப் போவதும் அதே பிள்ளைதான். எமது தோட்டத்தில் பிள்ளைக்காம்பராவில் (குழந்தைகள் பராமரிப்பு நிலையத்தில்) வேலை செய்து ஓய்வுபெற்ற ஓர் அம்மா, எவரும் கேளாமலே, காலையில் லயம் லயமாகப் போய் வராத பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம்வரை நடந்துவந்தார். இரண்டு தவணைகள் அது நடந்தது. அவரை அப்பாயி என்றழைத்த பையன்கள் அவருக்குப் பயந்தல்ல, அவர் வாசலில் வந்து நிற்பாரே என்ற கூச்சத்தினாலேயே எழுந்து போனார்கள். முழங்கால் வலியும் கைச்செலவும் சேர்ந்துவிட அவர் நிறுத்திக்கொண்டார்; வேலையும் அத்தோடு நின்றது. நாம் நிதி கேட்பது இந்த மாதிரி வேலைக்குத்தான்.

ஆகவே, தோட்டங்கள் உள்ள ஒவ்வொரு கிராம உத்தியோகத்தர் பிரிவிலும் அதே தோட்டத்தைச் சேர்ந்த ஒருவரை வரவுத் தொடர்பாளராக நியமித்து, அவருக்கு மாதாந்தக் கொடுப்பனவும் பயணச் செலவும் வழங்குமாறு முதன்மையாக வேண்டுகின்றோம். அவர் வலயக் கல்விப் பணிமனையின் முறைசாராக் கல்விப் பிரிவுக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் பொறுப்புக்கூறுபவராக இருக்கட்டும். பஸ் போகாத பாதைகளில் தரம் 6 முதல் 9 வரையான பிள்ளைகளை ஏற்றிச் செல்ல வாகன உதவியும், இடையில் விட்ட பிள்ளை திரும்ப வரும்போது தவறிய பாடங்களைச் சொல்லிக்கொடுக்க மாலை வகுப்பு நடத்தும் செலவும் அடுத்தபடியாகத் தேவை. சுவரொட்டி, விழிப்புணர்வுப் பேரணி, பாடசாலை மட்டச் செயலமர்வு ஆகியவற்றுக்கு இந்நிதியில் ஒரு சதமும் வேண்டாம். அவை போதிய அளவு நடந்துவிட்டன.

நிதிக்கு வழியில்லை என்ற பதில் முன்னர் பொருந்தியிருக்கலாம். தோட்டப் பகுதிகளில் பிரதேச சபைகள் பணம் செலவிடுவதற்குத் தடையாயிருந்த பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு 2018இல் திருத்தப்பட்டுவிட்டதால், மாகாணம் ஒரு பங்கையும் பிரதேச சபை ஒரு பங்கையும் ஏற்பது இன்று இயலக்கூடியதே. தோட்டத் தொழிலாளியின் நாள் வரவுக்கு 200 ரூபாய் ஊக்கத்தொகையை அரசே வழங்குமென 2026ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் அறிவித்தது. கொழுந்து பறிக்க வருவோரின் வரவுக்கு அரசு பணம் வைப்பதை வரவேற்கின்றோம். அவர்களுடைய பிள்ளைகளின் வரவுக்கும் வைக்குமாறு கேட்கின்றோம்.

தோட்டத்துச் சனசமூக மண்டபத்தை மாலை வகுப்புக்கு ஒழுங்கு செய்யும் பொறுப்பையும், செலவுக் கணக்கை மாதந்தோறும் அறிவித்தல் பலகையில் ஒட்டும் பொறுப்பையும் நாம் ஏற்கின்றோம். முதலாண்டில் ஹட்டன் கல்வி வலயத்தின் சில பிரிவுகளில் மட்டும் தொடங்கிப் பார்த்தாலும் எமக்குச் சம்மதமே. அடுத்த ஆண்டுக்கான மாகாண மதிப்பீடுகள் தயாரிக்கப்படும் முன்னர் எமது பிரதிநிதிகள் மூவரை நேரில் சந்திக்கத் தாங்கள் ஒரு திகதி தந்துதவுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கின்றோம்.

இங்ஙனம்,
தோட்டப் பெற்றோரும் முன்னாள் மாணவர்களும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)