அப்பியாசக் கொப்பியில் ஒட்சிசன் அளவு எழுதிய பிள்ளைகளுக்கும் மற்றவர்களுக்கும்

திருகோணமலை

அன்பு உறவுகளே,

2021 ஆகஸ்ட்டில் தனிமைப்படுத்தல் ஊரடங்கு வந்தபோது, மூதூர், கிண்ணியா, நிலாவெளி, குச்சவெளி என்று வீடுகளில் வைத்துப் பார்க்கப்பட்ட கொவிட் நோயாளருக்கு, விரலில் மாட்டி இரத்தத்தின் ஒட்சிசன் அளவை வீதத்தில் பார்க்கும் ஒக்சிமீட்டர் வாங்கித் தந்தீர்கள். ஓட்டோக்காரத் தம்பிமார் அதை வாசல்வரை கொண்டுபோய் வைத்தார்கள். எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதல் நன்றி, கொப்பியில் கோடு போட்டு எழுதிய பிள்ளைகளுக்கு. ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது: "காலை 6 மணி, இருந்தபடி 96. நடந்த பிறகு 91." வைத்தியருக்கு வேண்டியது அந்த இரண்டாவது எண்தான். கொவிட்டில் ஒட்சிசன் 88க்கு இறங்கியும் ஆள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பார். காபனீரொட்சைட்டு தடையின்றி வெளியேறுவதால் மூச்சு முட்டும் உணர்வு பிந்தித்தான் வரும். வீட்டுக்குள் 40 எட்டு நடந்ததும் அளவு 3 புள்ளியோ அதற்கு மேலோ விழுந்தால், நுரையீரல் தடுமாறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். இருந்தபடியே 94க்குக் கீழே போனால் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். 90க்குக் கீழே என்றால் தாமதிக்காமல் 1990 அம்புலன்ஸுக்கு அழைக்க வேண்டும். 90ஐத் தாண்டி இறங்கிய பிறகு சரிவு வேகமாகிவிடும்.

பிழையான அளவுகளைப் பிடித்துத் தந்த தாதியருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். கருவி சிவப்பு, அகச்சிவப்பு என்ற இரண்டு ஒளிகளை விரலினூடாகச் செலுத்தித்தான் கணக்கிடுகிறது. நகப்பூச்சும் கறுத்த மருதோன்றியும் அந்த ஒளியை மறிக்கும். கை குளிர்ந்திருந்தாலும் ஆடினாலும் எண் தாறுமாறாகும். கறுத்த தோலில் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டவும் கூடும். ஐந்து நிமிடம் ஓய்வு, கையைத் தேய்த்துச் சூடாக்குதல், பிறகு கருவியை மாட்டி ஒரு நிமிடம் அசையாமல் இருத்தல் என்று வீடு வீடாகத் தொலைபேசியில் சொன்னவர்கள் அவர்களே.

சி.ரி. ஸ்கான் படங்களைப் பொறுமையாக விளங்கப்படுத்திய கதிரியக்க வைத்தியர்களுக்கு நன்றி. இரண்டு நுரையீரலிலும் ஓரமாக, பெரும்பாலும் கீழ்ப்பகுதியில், புகைபடிந்த கண்ணாடிபோல் வெண்திட்டுகள் தெரியும். நுரையீரலின் ஐந்து மடல்களுக்கும் பாதிப்பைப் பொறுத்துத் தலா 5 வரை என்று மொத்தம் 25 புள்ளி. "10 புள்ளியாம்" என்று பயந்து அழைத்தவர்கள் பலர். முதல் இரண்டு நாளில் ஸ்கான் சுத்தமாகவே இருக்கலாம். பத்தாம் நாளை அண்டித்தான் திட்டுகள் உச்சத்துக்கு வரும். அதனால் ஸ்கான் புள்ளியைத் தனியே வைத்து முடிவெடுக்காமல், கொப்பியைப் பக்கத்தில் வைத்தே பார்த்தார்கள்.

வைத்தியரின் துண்டில்லாமல் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீரொய்ட் மருந்தைத் தர மறுத்த மருந்தகக்காரருக்கும் நன்றி. ஏச்சு வாங்கியும் நீங்கள் செய்தது மிகச் சரி. அந்த மருந்து ஒட்சிசன் தேவைப்பட்டவர்களுக்குத்தான் உயிர்காக்கும். தேவைப்படாதவருக்குப் பயனில்லை, கெடுதலாகவும் முடியலாம்.

ஒக்சிமீட்டர் இன்னும் அலுமாரியில் இருந்தால் இரண்டு பற்றரிகளையும் கழற்றி வையுங்கள், கசிந்தால் உள்ளே துருப்பிடித்துவிடும். விரல் படும் இடத்தை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, பக்கத்து வீட்டில் தேவை வந்தால் கொடுத்துதவுங்கள்.

நன்றியுடன்,
வீட்டுப் பராமரிப்புத் தொண்டர்கள்