பத்து முட்டைக்கோஸும் ஒற்றை வாழைப்பழமும்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய முட்டைகள் வந்து சேர்ந்தன. முப்பது. ஒன்றுகூட உடையவில்லை. ஆனால் கண்ணே, நாங்கள் முட்டை கேட்கவே இல்லை. அன்றிரவு போனில் அப்பா உன்னிடம் சொன்னது, "முட்டைக்கோஸை வைக்க வீட்டில் இடம் இல்லை" என்பது. இடையில் குரல் விட்டுவிட்டு வந்திருக்கிறது. உன் காதில் விழுந்தது "முட்டை… வீட்டில்… இல்லை". மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் அட்டைப்பெட்டி.

உன்மேல் குற்றமில்லை. பிள்ளையார் சுழி போட்டவர் உன் அப்பாதான்.

போன மாதம்தான் அவர் அந்த மளிகைச் செயலியைத் தானே இயக்கக் கற்றுக்கொண்டார். என்னை ஒரு பொத்தானைத் தொடவிடுவதில்லை. அன்று நமக்கு வேண்டியிருந்தது ஒரு முட்டைக்கோஸ், பத்து வாழைப்பழம். திரையில் முட்டைக்கோஸ் மேல் வரிசை, வாழைப்பழம் கீழ் வரிசை. கண்ணாடி போடாமல், கூட்டல் குறியைப் பத்து வரும்வரை தட்டியிருக்கிறார், மேல் வரிசையில். கடைசியில் சரிபார்க்கும் பக்கம் வந்ததாம். "மொத்தம் 11 பொருள்கள் என்று காட்டியது. பத்தும் ஒன்றும் பதினொன்றுதானே? எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது" என்று இன்றுவரை வாதாடுகிறார். தொகையைப் பார்க்கவில்லையா என்று கேட்டேன். விலைவாசி ஏறிவிட்டது என்று நினைத்தாராம்.

கொண்டுவந்த தம்பி இரண்டு முறை படியேறினார். இரண்டு சாக்குப் பைகளில் பத்து முட்டைக்கோஸ். எடை போட்டுப் பார்த்தேன், பதினான்கு கிலோ. மூன்றாவதாக ஒரு காகிதப் பையைப் பத்திரமாக அப்பாவின் கையில் கொடுத்தார். உள்ளே ஒற்றை வாழைப்பழம். "வீட்டில் விசேஷமா, ஐயா?" என்று கேட்டார். அப்பா "ஆமாம்" என்றார்! உண்மையைச் சொல்ல வெட்கம். ஒன்றை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று நான் நீட்டியதற்கு, "வேண்டாம் அம்மா, இதைத் தூக்கித் தூக்கி இன்றைக்கு அலுத்துவிட்டது" என்று ஓடியே போய்விட்டார். காய்கறியைத் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்களாம்.

அந்த ஒற்றைப் பழத்தை எங்கே வைப்பது என்பதே முதல் பஞ்சாயத்து. பழுக்கும் வாழைப்பழம் எத்திலீன் என்ற வாயுவை வெளிவிடும். முட்டைக்கோஸுக்கு அது ஆகாது, இலை மஞ்சளாகிக் கழன்றுவிடும். பத்து யானைகளுக்கு நடுவில் ஓர் எலி மாதிரி, அந்த ஒரு பழத்தை அடுத்த அறையில் ஒதுக்கி வைத்தோம். பிறகு அப்பாவே, வைத்துக் காப்பதைவிடத் தின்பது எளிது என்று முடிவு செய்து பாதியை எனக்குக் கொடுத்தார்.

முட்டைக்கோஸ் பொறுமையான காய். கழுவாமல், வெட்டாமல், மேல் இலையை உரிக்காமல் குளிர்ப்பெட்டியில் வைத்தால் வாரக்கணக்கில் தாங்கும். ஆனால் நம் பெட்டியில் நான்குக்குமேல் நுழையவில்லை. மற்ற ஆறும் கூடத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

முதல் நாள் பெரிய பாத்திரத்தில் ஒன்றை வேகவைத்தேன். போன் வந்தது, பேச்சில் மறந்துவிட்டேன். முட்டைக்கோஸில் கந்தகச் சேர்மங்கள் உண்டு. அதிக நேரம் வெந்தால் அவை சிதைந்து ஒரு வாடை கிளம்பும். கதவைத் தட்டினார் எதிர்வீட்டு அக்கா. "எரிவாயு கசிகிறதா? அடுப்பை அணைத்துவிட்டு வெளியே வாருங்கள்!" சமையல் எரிவாயுவுக்கு இயல்பில் வாடையே கிடையாது. கசிந்தால் தெரியவேண்டும் என்று அதில் கலக்கும் பொருளும் கந்தக வகைதான். ஆகவே அக்காவின் மூக்கு பொய் சொல்லவில்லை. பயந்து வந்தவர் கையில் இரண்டைக் கொடுத்து அனுப்பினேன். இப்போதெல்லாம் அவர் கதவைத் தட்டுவதற்கு முன் சற்று யோசிக்கிறார்.

வெந்து குழைந்ததை மசித்து சூப்பாக்கிவிட்டேன், அதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். இரண்டை நறுக்கி, கொதிநீரில் ஒன்றரை நிமிடம் போட்டு எடுத்து, உடனே பனிநீரில் முக்கி, வடித்து உறையறையில் வைத்தேன். பச்சையாக உறையவைத்தால் நொதிகள் வேலையை நிறுத்தாமல் நிறத்தையும் சுவையையும் கெடுக்கும், அதற்குத்தான் அந்தக் கொதிநீர்க் குளியல். உறைந்து உருகியது மொறுமொறுப்பாக இருக்காது. சூப்புக்கும் வதக்கலுக்கும்தான் ஆகும்.

தடித்த வெளியிலைகளைக் குப்பையில் போடப் போனேன். அப்பா தடுத்தார். ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையை வாய்விட்டுப் படித்தார். 2022-ல் மட்டும் உலகம் 105 கோடி டன் உணவை வீணாக்கியதாம். அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்துதானாம். "கடையும் இல்லை, உணவகமும் இல்லை. நம்மைப் போன்ற வீடுகள்!" என்று விரலை உயர்த்தினார். யாருடைய விரலால் வந்த வினை இது என்று நான் கேட்கவில்லை, பார்த்தேன். விரல் தானாக இறங்கிவிட்டது. இலைகளை மெல்லியதாக நறுக்கிச் சூப்பிலேயே போட்டேன்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த அமளியில் உருப்படியாக நடந்தது ஜாடி, அது அப்பாவின் யோசனை. இரண்டு முட்டைக்கோஸை நூலாக அரிந்தோம். ஒரு கிலோவுக்கு 20 கிராம் உப்பு என்று தராசில் நிறுத்துப் போட்டுப் பிசைந்தோம். சொட்டு நீர் சேர்க்கவில்லை, அதுவே தண்ணீர் விட்டது. அந்த நீருக்குள் எல்லாம் மூழ்கியிருக்கும்படி ஜாடியில் அழுத்தி, மேலே கனத்துக்கு ஒரு கண்ணாடிக் குவளை. இலையிலேயே இருக்கும் பாக்டீரியாக்கள் மீதியைப் பார்த்துக்கொள்ளும். சர்க்கரையைத் தின்று புளிப்பை உண்டாக்கும், அந்தப் புளிப்பே காயைக் கெடாமல் காக்கும். கூடவே வாயுவும் வரும் என்பதை மட்டும் அப்பா மறந்து, மூடியை முழுப்பலத்தோடு திருகிவிட்டார். மூன்றாம் நாள் நள்ளிரவு சமையலறையில் 'டப்' என்று ஒரு சத்தம். குடையை ஓங்கிக்கொண்டு போனவர் பிடித்து வந்த திருடன், ஒரு மூடி. இப்போது தினமும் தளர்த்தி விடுகிறோம்.

இதே பண்டம்தான் கேப்டன் ஜேம்ஸ் குக்கின் கப்பலிலும் இருந்ததாம். 1768-ல் 'எண்டெவர்' கப்பலில் புறப்பட்டபோது, மாலுமிகளின் ஈறு வீங்கி ஆளையே கொல்லும் ஸ்கர்வி நோய்க்குப் பயந்து பீப்பாய் பீப்பாயாக ஏற்றிக்கொண்டார். மாலுமிகள் முதலில் தொடவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. அதிகாரிகளின் மேசையில் மட்டும் தினமும் பரிமாறச் சொன்னார். பெரியவர்கள் விரும்பிச் சாப்பிடுகிறார்கள் என்று கண்டதும், ஒரு வாரத்துக்குள் ஆளுக்கு இவ்வளவுதான் என்று அளந்து கொடுக்க வேண்டிய நிலை வந்துவிட்டது. அப்பாவுக்கு இந்தக் கதைமேல் அலாதிப் பிரியம், மூன்று முறை சொல்லிவிட்டார்.

இந்த நேரத்தில்தான் உன் முட்டைப் பெட்டி வந்து இறங்கியது.

கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. அரிந்த முட்டைக்கோஸில் முட்டையை உடைத்து ஊற்றி, உப்பும் மிளகும் போட்டுத் தோசைக்கல்லில் கனமாக வார்த்தேன். இரண்டு உபரிகளும் ஒன்றையொன்று தீர்த்தன. பத்து முட்டைகளை அவித்தேன். புது முட்டையாக இருந்ததால் ஓடு வெள்ளைக்கருவோடு ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு வாரம் போன முட்டைதான் அவித்தால் சுலபமாக உரியும். மீதியை ஓட்டோடு உறையறையில் வைக்கப் போனார் அப்பா, வெடித்துவிடும் என்று தடுத்தேன். உறையவைப்பதானால் உடைத்து, கலக்கி வைக்கவேண்டும். எத்தனை முறை சொன்னாலும், மூடிச் சத்தம் கேட்டவருக்கு இன்னொரு சத்தம் கேட்கவேண்டும் போலிருக்கிறது.

பெட்டியைத் திறந்ததும் அவர் என்ன செய்தார் தெரியுமா? முப்பதையும் ஒவ்வொன்றாக எடுத்து, வெளிச்சத்தில் பார்த்து, எண்ணி அடுக்கினார். "நேற்றிரவு சொன்னேன், விடிவதற்குள் அனுப்பிவிட்டாள் பார்" என்றார். தப்பான பொருள் என்று உனக்குச் சொல்ல வேண்டாம் என்றும் சொன்னார். நான்தான் சொல்லிவிட்டேன், இல்லாவிட்டால் அடுத்த வாரமும் முப்பது வரும். இனி வாங்குவதற்கு முன் எழுதிக் கேள், போனில் கேட்காதே.

கணக்கும் சொல்லிவிடுகிறேன்: எதிர்வீட்டுக்கு இரண்டு, ஜாடிக்கு இரண்டு, உறையறைக்கு இரண்டு, எங்கள் வயிற்றுக்கு மூன்று. ஒன்று இன்னும் கூடத்தில் இருக்கிறது. வாழைப்பழத்துக்கு நேற்று மறுபடியும் சொல்லியிருக்கிறார், கண்ணாடி போட்டுக்கொண்டு. புதினாவும் கேட்டார். அது இருப்பில் இல்லை என்று அவர்களாகவே மாற்றாக அனுப்பியிருப்பது புதினா மணமுள்ள பற்பசை.

நீ விடுமுறைக்கு வரும்போது ஒரு ஜாடி உனக்காகக் குளிர்ப்பெட்டியில் இருக்கும். சின்ன வயதிலேயே முட்டைக்கோஸ் என்றால் முகத்தைத் திருப்புகிறவள் நீ. வற்புறுத்த மாட்டோம். எங்கள் இரண்டு பேர் தட்டில் மட்டும் வைத்துக்கொள்வோம்.

அன்புடன்,
அம்மா